லாரிக்கு இடது பக்கம் சந்து தெரியுதா? அதுக்குள்ள சைக்கிள விடாதீங்க

சிக்னல்ல ஒரு கன்டெய்னர் லாரி நிக்குது. அதுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல ஒரு மூணடி இடம் காலியா கெடக்கு. பின்னாடி சைக்கிள்ல வர்ற நம்ம மனசு என்ன சொல்லும்? உள்ள பூந்து முன்னாடி போய் நின்னுக்கலாம், க்ரீன் விழுந்ததும் மொத ஆளா கெளம்பிடலாம்னு சொல்லும். நானும் ரொம்ப வருஷம் இதையே தான் செஞ்சிட்டு இருந்தேன். பைக்ல வர்றவன் பூர்றான், ஆட்டோ பூருது, நாம மட்டும் என்னத்துக்கு லாரி புகைய மோந்துகிட்டு பின்னாடி நிக்கணும்னு ஒரு நெனப்பு.

அந்த மூணடி சந்து ஏன் அவ்ளோ ஆபத்துன்னு புரிஞ்சிட்டா, லாரி பக்கத்துல சைக்கிள் ஓட்றதுல முக்கால்வாசி விஷயம் புரிஞ்ச மாதிரி. புதுசா சைக்கிள் எடுத்தவங்க, ப்ளஸ் ஒன்ல அரசாங்கம் குடுத்த சைக்கிள்ல மெயின் ரோட்ல ஸ்கூலுக்கு போற பசங்க, அவங்க அப்பா அம்மா, இவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். லைக்ரா டவுசர் போட்டுகிட்டு சென்னை ஈசிஆர் கடற்கரை ரோட்ல விடியகாலைல பறக்குற ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும், தெரியலன்னா நீங்களும் படிங்க.

எனக்கு இது புரிஞ்சது ஒரு ஞாயித்துக்கிழமை. திருவொற்றியூர்ல எங்களுக்கு பழக்கமான ஒரு அண்ணன் ட்ரெயிலர் ஓட்றாரு, ஹார்பருக்கு கன்டெய்னர் லோடு அடிக்கிறது தான் பொழப்பு. வண்டி காலியா நின்னுட்டு இருந்துச்சு. ஏண்ணே, சைக்கிள்காரங்க வந்தா உங்களுக்கு நெஜமாவே தெரியாதான்னு ஒரு நாள் கேட்டேன், அவரு பதிலே சொல்லாம ஏறி என் சீட்ல உக்காருன்னுட்டாரு. மூணு படி புடிச்சு ஏறணும், மாடி ஏறுற மாதிரி. உக்காந்தா ரோடு எங்கயோ கீழ இருக்கு. கூட வந்த தம்பிய சைக்கிளோட இடது பக்க கதவுக்கு கீழ போய் நிக்க சொன்னாரு. நான் இடது ஜன்னல் வழியா பாக்குறேன், ஆள காணோம். கண்ணாடில பாக்குறேன், ட்ரெயிலரோட நீளமும் அதுக்கு வெளிய ஒரு பட்டை ரோடும் தெரியுது, ஆள காணோம். "எங்கடா போன?"ன்னு கத்துனா "இங்க தான்ணா நிக்கிறேன்"னு கீழ இருந்து கொரல் மட்டும் வருது. சைக்கிள், ஆளு, தோள்ல தொங்குற பையி, மொத்தமும் மறைஞ்சு போச்சு. பட்டப்பகல்ல, வண்டி நிக்கும்போது, நான் அவன தேடிகிட்டு இருக்கும்போதே.

அப்புறம் பம்பருக்கு நேர் முன்னாடி வர சொன்னாரு. அங்கயும் தெரியல. மெதுவா முன்னாடி நடந்து ரெண்டு மூணு எட்டு வெச்சதுக்கு அப்புறம் தான் மொதல்ல தலை முடி தெரிஞ்சுது.

இதுக்கு பேரு தான் ப்ளைண்ட் ஸ்பாட். டிரைவர் கண்ணுல கோளாறு ஒண்ணும் கெடையாது, வண்டி அமைப்பே அப்படி. நம்ம ஊர்ல ஸ்டியரிங் வலது பக்கம், அதனால வலது ஜன்னல் டிரைவர் தோள் பக்கத்துலயே இருக்கு, எட்டிப் பாத்தா கீழ வரைக்கும் தெரியும். இடது ஜன்னல் ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கு. டிரைவர் கண்ணு ரோட்டுல இருந்து சுமார் ரெண்டரை மீட்டர் ஒசரத்துல இருக்கு, இடது ஜன்னலோட கீழ் விளிம்பே நம்ம தலைக்கு மேல தான் வருது, அப்ப அந்த விளிம்பு வழியா போற பார்வை ரொம்ப தூரம் போய்த்தான் தரைய தொடும். அதுக்கு உள்ள இருக்குற எல்லாமே இருட்டு. இதுல நம்மாளுங்க முன் கண்ணாடில மாலை, குஞ்சம், சாமி படம், எலுமிச்சம்பழம், காயப்போட்ட துண்டுன்னு தொங்க விட்டுருப்பாங்க. இன்ஜின் ஓடும்போது சைடு கண்ணாடி வேற அதிரும். முன்னயெல்லாம் இடது பக்கத்த பாத்துக்கவே ஒரு கிளீனர் இருப்பாரு, ஜன்னல் வழியா தலைய நீட்டி ரைட்டு ரைட்டு வா வான்னு சொல்லிகிட்டே வருவாரு. இப்ப நெறைய வண்டி ஒத்த ஆளா தான் ஓடுது. எல்லா பக்கமும் ஒரே நேரத்துல பாக்கணும்னா டிரைவருக்கு ராவணன் மாதிரி பத்து தலை தான் வேணும்.

சரி, தெரியாது, ஒத்துக்கறோம். தெரியலன்னா என்ன, நாம ஓரமா தானே போறோம், லாரி நேரா தானே போகுதுன்னு கேப்பீங்க. லாரி லெப்ட் எடுக்கும்போது தான் கதை ஆரம்பிக்குது, இந்த எடத்த மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க.

எந்த வண்டியிலயும் ஸ்டியரிங்குக்கு திரும்புறது முன் சக்கரம் தான். பின் சக்கரம் அதுக்கு பின்னாடி இழுபட்டு போகும், ஆனா முன் சக்கரம் போன தடத்துலயே போகாது, குறுக்க வெட்டி உள்பக்கமா போகும். கார்ல இது சின்னதா இருக்கும், நம்ம கவனிக்க மாட்டோம். லாரில முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 6 மீட்டர்னு வைங்க. முன் சக்கரம் 10 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்துல சுத்துது. பின் சக்கரம் எந்த வட்டத்துல சுத்தும்? ஸ்கூல்ல படிச்ச பிதாகரஸ் இங்க தான் வேலைக்கு ஆகுறாரு, 10 பெருக்கல் 10ல இருந்து 6 பெருக்கல் 6 கழிச்சா 64, அதோட வர்க்கமூலம் 8. அதாவது பின் சக்கரம் 8 மீட்டர் வட்டத்துல போகுது, முன் சக்கரத்த விட 2 மீட்டர் உள்ள தள்ளி. சிக்னல்ல கால்வட்டம் மட்டும் திரும்பும்போது முழு 2 மீட்டர் வராது, கொஞ்சம் கம்மியா வரும். ஆனா நாம நம்பி பூந்த சந்து எவ்ளோ? மூணடி. ஒரு மீட்டர் கூட கெடையாது. லாரி திரும்பி முடிக்கிறதுக்குள்ள அந்த சந்தே இருக்காது, பின் சக்கரம் பிளாட்பாரத்து மேலயே ஏறினாலும் ஏறும். இது சாதா லாரி கணக்கு. 40 அடி கன்டெய்னர்ன்னா பெட்டி மட்டுமே 12 மீட்டருக்கு மேல நீளம், அத தாங்குற ட்ரெயிலரோட சக்கரம் எங்கயோ கடைசில இருக்கு, அது இன்னும் அதிகமா உள்ள வெட்டும்.

டிரைவருக்கு இது நல்லா தெரியும். அதனால தான் லெப்ட் எடுக்குறதுக்கு முன்னாடி அவரு வண்டிய மொதல்ல வலது பக்கமா ஏத்துவாரு, அப்புறம் தான் லெப்ட்ல ஒடிப்பாரு. பின்னாடி இருந்து பாக்குற நமக்கு என்ன தோணும்? லாரி ரைட்ல ஒதுங்குது, நமக்கு வழி விடுது, மூணடி சந்து ஆறடி ஆயிடுச்சு, ஜாலின்னு தோணும். நெறைய பேர் மாட்டுறது இந்த எடத்துல தான். லாரி வலது பக்கம் ஒதுங்கி இடது பக்கம் தாராளமா எடம் தெறந்துச்சுன்னா அது லெப்ட் திரும்ப போகுதுன்னு எடுத்துக்கங்க. இண்டிகேட்டர் போட்டுருப்பாரே பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, நீங்க லாரிக்கு பக்கவாட்டுல போயிட்டா பின்னாடி இருக்குற லைட் உங்களுக்கு தெரியாது, பக்கத்துல இருக்குற குட்டி லைட்டு சேறு அப்பி கெடக்கும்.

உள்ள மாட்டுனா என்ன ஆகும்னு சொல்லாம விட முடியாது. லாரி பாடி ஹேண்டில்பார்ல உரசும், சைக்கிள் சாயும், அதுவும் லாரி பக்கமாவே சாயும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற காலி எடத்துக்குள்ள விழுவோம், பின்னாடியே பின் சக்கரம் வரும். இதுல வேகமே கெடையாது, லாரி நடக்குற ஸ்பீடுல தான் திரும்பிட்டு இருக்கும். நாம எல்லாரும் ஸ்பீடா வர்ற லாரிக்கு தான் பயப்படுறோம், மெதுவா ஊர்ற லாரி பக்கத்துல தைரியமா போறோம். 12,000 லிட்டர் தண்ணி லாரின்னா தண்ணி மட்டுமே 12 டன், அதுக்கு மேல வண்டி எடை. சைக்கிள் ஒரு இருபது கிலோ இருக்கும். ஏறி எறங்குனா டிரைவருக்கு ஒரு சின்ன பள்ளம் மாதிரி கூட தெரியாம போகலாம். ஹெல்மெட் போடுங்க, நானும் போடுறேன், தனியா வழுக்கி விழுந்தா தலைய காப்பாத்தும், ஆனா டயர் ஏறும்போது தெர்மாகோல் என்ன செய்யும் சொல்லுங்க. நாம எந்த எடத்துல நிக்கிறோம்ங்கிறது தான் இங்க ஹெல்மெட்.

இது நம்ம ஊரு கதை மட்டும்னு நெனைக்காதீங்க. லண்டன்லயும் நம்மள மாதிரி இடது பக்கமா தான் வண்டி ஓடுது, அங்கயும் இதே லெப்ட் திருப்பம் தான் பெரிய தலைவலி. 2015ல இருந்து 2017 வரைக்கும் அந்த நகரத்துல சைக்கிள்காரங்க செத்துப்போன விபத்துல 63 சதவீதத்துல பெரிய லாரி சம்பந்தப்பட்டிருந்துச்சு, ஆனா அங்க ஓடுற மொத்த வண்டி ஓட்டத்துல லாரி பங்கு வெறும் 4 சதவீதம். அதனால 2015 செப்டம்பர்ல இருந்து பக்கவாட்டு தடுப்பும் கூடுதல் கண்ணாடியும் இல்லாத லாரி நகரத்துக்குள்ள வரக்கூடாதுன்னு கொண்டு வந்தாங்க. அப்புறம் 12 டன்னுக்கு மேல இருக்குற லாரிக்கு, டிரைவர் சீட்ல உக்காந்தா கண்ணாடி இல்லாம நேரடியா எவ்ளோ தெரியுதுன்னு பாத்து ஸ்டார் குடுத்தாங்க, பூஜ்யத்துல இருந்து அஞ்சு வரைக்கும், ஏதோ ஓட்டலுக்கு குடுக்குற மாதிரி. 2021 மார்ச்ல இருந்து அந்த லாரி உள்ள வர பெர்மிட் கட்டாயம், 2024 அக்டோபர்ல இருந்து மூணு ஸ்டாராவது இருக்கணும், இல்லன்னா கேமரா, சென்சார்னு மாட்டணும். எனக்கு இதெல்லாத்த விட புடிச்சது, அங்க போலீஸே சைக்கிள்காரங்கள கூப்பிட்டு லாரி சீட்ல உக்கார வெச்சு காட்டுனது தான். அண்ணன் எனக்கு ஓசில காட்டுன அதே பாடம்.

பக்கவாட்டு தடுப்புன்னா லாரிக்கு சைடுல ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல ரெண்டு மூணு கம்பி இருக்கும் பாருங்க, அது. விழுந்தவங்க உள்ள போகாம வெளிய தள்ளி விடுறதுக்கு. நம்ம நாட்டுலயும் சட்டப்படி அது வேணும், டிப்பர் லாரி பக்கத்துல போய் பாத்தா தான் அது என்ன நெலமைல இருக்குன்னு தெரியும், பாதி வளைஞ்சு போயி கயித்துல கட்டி தொங்கிட்டு இருக்கும். அத நம்பாதீங்க.

இப்ப என்ன செய்யணும்னு பாப்போம். சிக்னல்ல முன்னாடி லாரி நின்னா பின்னாடியே நில்லுங்க. அவ்ளோ தான், பாதி வேலை முடிஞ்சுது. ரொம்ப ஒட்டி நிக்காதீங்க, ஒரு கார் நிக்கிற அளவுக்காவது எடம் விடுங்க, ஏன்னா மேம்பாலம் ஏத்தத்துல நின்ன லாரி கெளம்பும்போது பின்னாடி ஒரு அடி ரெண்டு அடி உருளும். அப்புறம் லாரி முதுகுக்கு நேரா ஒளிஞ்சிக்காம, வலது கண்ணாடி உங்களுக்கு தெரியுற மாதிரி கொஞ்சம் வலது பக்கமா நில்லுங்க. அந்த கண்ணாடில டிரைவர் மூஞ்சி உங்களுக்கு தெரியலன்னா உங்க மூஞ்சி அவருக்கு தெரியாது. தெரிஞ்சாலும் அவரு அந்த நேரம் அத தான் பாத்துகிட்டு இருப்பாருன்னு நிச்சயம் இல்ல, அத மறந்துடாதீங்க. லேன் நடுவுல நிக்கிறதுக்கு பின்னாடி காரன் ஹார்ன் அடிப்பான், அடிக்கட்டும்.

நாம மொதல்ல நிக்கிறோம், லாரி அப்புறமா வந்து பக்கத்துலயோ பின்னாடியோ நிக்குது, இது தான் நெறைய பேரு கவனிக்காதது. நீங்க ஒண்ணுமே தப்பு பண்ணல, ஆனா அவரோட குருட்டு எடத்துக்குள்ள வந்துட்டீங்க. அப்ப ரெண்டு வழி. முன்னாடி எடம் இருந்தா ஸ்டாப் லைன தாண்டுனாலும் பரவால்லன்னு பம்பர்ல இருந்து மூணு நாலு மீட்டராவது முன்னாடி போயி, திரும்பி டிரைவர பாத்து கைய தூக்குங்க. போலீஸ் கேட்டா இதையே சொல்லுங்க. எடம் இல்லன்னா சைக்கிள விட்டு எறங்கி பிளாட்பாரத்துல ஏறிடுங்க, லாரி போனதும் எறங்கி போலாம். கெத்து கொறைஞ்சிடும்னு நெனைச்சா ஒண்ணும் பண்ண முடியாது.

ஓடுற ரோட்டுல லாரி உங்கள ஓவர்டேக் பண்ண ஆரம்பிச்சா கூட சேர்ந்து மிதிக்காதீங்க. பிரேக்க மெதுவா புடிச்சு அது சீக்கிரம் தாண்டி போக விடுங்க, பக்கத்துல இருக்குற நேரத்த கொறைக்கிறது தான் குறி. பெரிய வண்டி வேகமா தாண்டும்போது காத்து மொதல்ல வெளிய தள்ளும், அப்புறம் உள்ள இழுக்கும், ஹேண்டில ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கணும். ஓரத்துல ஒட்டி ஓட்டுனா பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது பாதி தான் சரி. ரோட்டு ஓரத்துல தான் மணல், ஜல்லி, மேன்ஹோல் மூடி எல்லாம் இருக்கும், அதுல வழுக்குனா ஒதுங்க எடமே இருக்காது. ஓரத்துல இருந்து ஒரு ரெண்டு மூணடி தள்ளி ஓட்டுனீங்கன்னா அவசரத்துக்கு ஒதுங்க அந்த ரெண்டடி கையில இருக்கும்.

லாரிய தாண்டி முன்னாடி போயி சடக்குன்னு குறுக்க வெட்றதும் வேணாம். 40 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போகுது. டிரைவர் பாத்து, கால எடுத்து பிரேக்ல வெக்கிறதுக்கே அந்த ஒரு செகண்ட் போயிடும், அதுக்கு மேல லோடு வண்டி நிக்க இன்னும் ஒரு 12 மீட்டராவது வேணும், ஏர் பிரேக் புடிக்க அரை செகண்ட் எடுத்துக்கும் அது தனி. ரெண்டு பஸ் நீளத்துக்கு மேல ஆச்சா? தண்ணி லாரின்னா இன்னொன்னு, டேங்க் பாதி தான் ரொம்பியிருந்தா பிரேக் அடிச்சதும் உள்ள இருக்குற தண்ணி முன்னாடி வந்து மோதி வண்டிய தள்ளும்.

தண்ணி லாரின்னு சொன்னதும் ஓஎம்ஆர் ஞாபகம் வருது. அங்க அபார்ட்மென்டுக்கும் ஐடி கம்பெனிக்கும் நாள் முழுக்க டேங்கர் ஓடிகிட்டே இருக்கும். அது திரும்புறதுக்கு சிக்னல் வேணும்னு இல்ல, எந்த கேட்டு வந்தாலும் திரும்பும். அதனால பக்கத்துல டேங்கர் போகும்போது லெப்ட்ல கேட்டு இருக்கா, தெரு இருக்கான்னு ஒரு கண்ணு வெச்சுக்கணும். பின்னாடி வால்வுல இருந்து தண்ணி ஒழுகிகிட்டே போகும், அந்த ஈரத்துல தூசி சேர்ந்து வழவழன்னு இருக்கும், அது மேல திருப்பாதீங்க, பிரேக்கும் அடிக்காதீங்க. மெட்ரோ வேலைக்கு தகடு அடிச்சு ரோட்ட குறுக்கி வெச்சிருக்குற எடத்துல லாரியும் சைக்கிளும் பக்கத்து பக்கத்துல போகவே கூடாது, ஒண்ணு அது போகட்டும், இல்லன்னா நீங்க நடு லேன எடுத்துக்கிட்டு போங்க. ஒதுங்க பிளாட்பாரம் கூட இல்லாத எடம் அது.

வடசென்னைக்காரங்களுக்கு தனியா ஒண்ணு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஹார்பர் ஜீரோ கேட்டுக்கு கன்டெய்னர் வண்டி வரிசை கட்டி நிக்கும் பாருங்க, ரெண்டு வண்டிக்கு நடுவுல இருக்குற இடைவெளில சைக்கிள தள்ளிகிட்டு நாம குறுக்க போவோம். நகராத வரிசை, எப்ப நகரும்னே தெரியாதுன்னு ஒரு அலட்சியம். ஆனா பின்னாடி வண்டி டிரைவருக்கு நாம நிக்கிற எடம், தம்பியோட தலை முடி கூட தெரியாம போன அதே எடம். முன் வண்டி நகர்ந்ததும் அவரு கியர் போட்டு விட்டுருவாரு. கடந்தே ஆகணும்னா அந்த டிரைவர் கண்ண பாத்து, கை காட்டி, அவரு தலைய ஆட்டுனதுக்கு அப்புறம் போங்க. அதே ரோட்ல ராத்திரி லைட் இல்லாம ஓரமா நிறுத்தி வெச்ச ட்ரெயிலரும் இருக்கும். சைக்கிளுக்கு பின்னாடி ஒரு செவப்பு ப்ளிங்க்கர் எல்லாரும் மாட்டுறாங்க, நான் சொல்றது முன்னாடி லைட்டும் வேணும்னு, எதுரே நிக்கிற இரும்பு நம்ம கண்ணுக்கு தெரியணும்ல. அப்புறம் மேம்பாலம் ஏற சோம்பல்பட்டு லாரி பின்னாடி தொங்குற சங்கிலிய புடிச்சிட்டு போற பசங்கள இன்னமும் பாக்குறேன். அத பத்தி எழுதவே கை வரல.

கடைசியா எறங்கும்போது அண்ணன் கிட்ட, எல்லாத்தயும் மீறி ஒருத்தன் அந்த சந்துல மாட்டிகிட்டா என்ன தாண்ணே பண்றதுன்னு கேட்டேன். சைக்கிள அப்படியே விட்டுட்டு பிளாட்பாரம் பக்கம் குதின்னாரு மொதல்ல, சைக்கிள் போனா போவுது. குதிக்க முடியலன்னா கேபின் தகட்ட ரெண்டு கையாலயும் படபடன்னு அடி, அந்த காலத்துல கிளீனர் அடிப்பானே அதே மாதிரி, அந்த சத்தம் கேட்டா எங்க காலு தானா பிரேக்குக்கு போயிடும்னாரு. "பின்னாடி ட்ரெயிலர் பக்கத்துல நின்னு அடிச்சா கேக்குமாண்ணே?"ன்னேன். "கேக்காது"ன்னு சொல்லிட்டு கதவ சாத்திகிட்டாரு.